ஏழு ஷில்லிங் சாப்பாடு

ஜூஜுவாடியில் வசிப்பவர்களுக்கு எல்லை தாண்டுவது ஒரு பெரிய காரியமல்ல. பெங்களூர்ச் சாலையில் சிறிது தூரம் போனால் தமிழ்நாடு முடிந்து கர்நாடகம் தொடங்கிவிடுகிறது. அத்திப்பள்ளிக்குக் காய்கறி வாங்கப் போகிறவர், பெங்களூரில் உத்தியோகம் பார்த்துவிட்டு இரவு வீடு திரும்புகிறவர், இந்தப் பக்கம் வீடும் அந்தப் பக்கம் சம்பந்தியும் உள்ளவர் என்று எங்கள் ஊரில் பலவகைப் பிரயாணிகள் உண்டு. ஒரே தேநீர்க் கடையில் தமிழில் கணக்குச் சொல்லி, தெலுங்கில் சண்டை பிடித்து, கன்னடத்தில் சமாதானம் செய்துகொள்வார்கள். இப்படிப்பட்ட ஊரில் பிரயாணத்தைப் பற்றி யாருக்கும் பாடம் சொல்லத் தேவையில்லை என்றுதான் நினைக்கத் தோன்றும்.

ஆனால் வேலைக்குப் போவது வேறு. கோயிலுக்குப் போவது வேறு. கல்யாணத்துக்குப் போவது வேறு. ஓர் ஊரைப் பார்ப்பதற்காகவே அந்த ஊருக்குப் போவது என்று ஒன்று இருக்கிறதே, அதை மட்டும் நம்மவர்கள் இன்னும் சந்தேகக் கண்ணோடுதான் பார்க்கிறார்கள். அதிலும் போகிறவன் மாணவனாக இருந்து, கையிலிருப்பது கடன் பணமாகவும் இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

என்னிடம் படித்த பையன் ஒருவன் இப்போது ஜெர்மனியில் ஆகன் நகரத்தில் இயந்திரப் பொறியியல் மேற்படிப்புப் படிக்கிறான். தகப்பனார் ஓசூர் சிப்காட்டில் பிட்டராக இருந்து வருகிறவர். ஜெர்மனியில் படிக்க விரும்பும் மாணவன் ஓர் ஆண்டுச் செலவுக்கு 11,904 யூரோவை முன்கூட்டியே வங்கியில் கட்டிக் காட்ட வேண்டும் என்பது 2024 செப்டம்பரில் வந்த விதி. நம் பணத்தில் பத்து லட்சத்துக்கு மேல். அதற்காக அவருடைய வீட்டுப் பத்திரம் வங்கிக்குப் போயிருக்கிறது. இந்த நிலையில், விடுமுறைக்கு நண்பர்களோடு பாரிஸ் நகரத்துக்குப் போய்வரப் போவதாகப் பையன் கைப்பேசியில் செய்தி அனுப்பிவிட்டான். கூடவே பார்க்கவிருக்கும் இடங்களின் ஜாபிதா ஒன்று. எண்ணிப் பார்த்தேன்: மூன்று நாளில் இருபத்து மூன்று இடங்கள்!

"சார், படிக்கிறதுக்குக் கடன் வாங்கினேனா, ஊர் சுற்றுகிறதுக்குக் கடன் வாங்கினேனா? நீங்களே சொல்லுங்கள்" என்றார் தகப்பனார்.

"இதே தப்பைக் காந்தி மகாத்மாவும் செய்திருக்கிறாரே அண்ணா" என்றேன்.

அவர் நம்பவில்லை. நேயர்களிலும் சிலர் நம்பமாட்டார்கள். கோவணாண்டியாக நம் மனத்தில் பதிந்துவிட்ட ஒருவரைப் பட்டுத் தொப்பியும் கையில் தேசப்படமுமாகப் பாரிஸ் வீதிகளில் நடமாட விட்டுப் பார்ப்பது கஷ்டமான காரியந்தான். ஆயினும் அது நடந்தது. 'சத்திய சோதனை'யில் அவரே அதற்கென்று ஓர் அத்தியாயம் ஒதுக்கியிருக்கிறார்.

1888-ஆம் ஆண்டு செப்டம்பர் 4-ஆம் தேதி பம்பாயில் கப்பலேறிய காந்தி, லண்டனில் சட்டம் படித்து வந்தார். பணம் தமையனார் அனுப்புவது. அடுத்த ஆண்டு பிரெஞ்சுப் புரட்சியின் நூற்றாண்டையொட்டிப் பாரிஸில் ஒரு மாபெரும் பொருட்காட்சி நடந்தது. காந்திஜி தம் புத்தகத்தில் இதை 1890 என்று எழுதுகிறார். பொருட்காட்சி திறந்தது 1889 மே 6. மூடியது அதே ஆண்டு அக்டோபர் 31. ஆகவே அவர் அங்கே போனபோது இருபது வயது நிறையும் தறுவாயில் இருந்திருப்பார். எங்கள் ஊர்ப் பையனைவிடச் சிறியவர்.

அவர் செய்த ஏற்பாடுகளைக் கவனிக்க வேண்டும். பாரிஸில் சைவ உணவு விடுதி ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டு, அங்கேயே ஓர் அறை அமர்த்திக்கொண்டார். தாயாருக்குக் கொடுத்த வாக்கும் காப்பாற்றப்பட்டது. சாப்பாட்டுக்கு அலையும் நேரமும் மிச்சமாயிற்று. ஏழு நாள் தங்கினார். நகரத்தின் படம் ஒன்று, பொருட்காட்சியின் படமும் வழிகாட்டிப் புத்தகமும் ஒன்று. இவைதாம் அவருக்குத் துணை. பெரும்பாலும் கால்நடையாகவே எல்லாவற்றையும் பார்த்து முடித்தார். லண்டனிலும் தினம் எட்டு மைல், பத்து மைல் நடந்து பழகிய கால்கள் அல்லவா? வாடகை வண்டிக்காரருக்கு அந்த ஏழு நாளும் காந்தியால் பெரிய லாபம் இருந்திராது.

இத்தனை கெட்டிக்காரத்தனத்துக்கும் நடுவில் ஓர் ஊதாரித்தனம் நடந்துவிட்டது. பொருட்காட்சியின் நட்சத்திரம், அவ்வாண்டு மார்ச்சு 31-ஆம் தேதிதான் கட்டி முடிக்கப்பட்ட ஈபெல் கோபுரம். ஏறக்குறைய ஆயிரம் அடி உயரம், முழுவதும் இரும்பு. அத்தனை உயரத்தில் ஒரு கட்டடம் பத்திரமாக நிற்கும் என்று அதற்கு முன் யாரும் நம்பியதில்லை. காந்தி இரண்டு மூன்று தடவை ஏறினார். முதல் தளத்தில் உணவு விடுதிகள் இருந்தன. வெகு உயரத்தில் உட்கார்ந்து பகலுணவு உண்டேன் என்று பின்னால் சொல்லிக்கொள்ள வேண்டுமே என்ற ஒரே ஆசைக்காக, ஏழு ஷில்லிங்கை அங்கே தொலைத்தார்.

ஏழு ஷில்லிங் என்றால் எவ்வளவு? நான் கணக்கு வாத்தியார் அல்ல. ஆனாலும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. லண்டனில் காந்தி சிக்கனத்தைக் கடுமையாகக் கைக்கொண்ட காலத்தில், காலையில் ஓட்ஸ் கஞ்சியும் இரவில் ரொட்டியும் கோகோவும் தம் அறையிலேயே முடித்துக்கொண்டு, நாளொன்றுக்கு ஒரு ஷில்லிங் மூன்று பென்ஸில் காலந்தள்ளியதாக எழுதுகிறார். பன்னிரண்டு பென்ஸ் ஒரு ஷில்லிங். அதாவது ஒரு நாளைக்குப் பதினைந்து பென்ஸ். கோபுரத்துச் சாப்பாடு எண்பத்து நான்கு பென்ஸ். ஐந்தரை நாள் சாப்பாட்டை ஒரு வேளையில் விழுங்கியிருக்கிறார்!

அவருக்கு அது உறுத்தியிருக்க வேண்டும். இல்லாவிட்டால், முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் கழித்து அந்த வரலாற்றை எழுதும்போது தொகை அத்தனை துல்லியமாக ஞாபகத்தில் நிற்குமா? வேடிக்கை என்னவென்றால், பொருட்காட்சியைப் பற்றி அதன் பிரம்மாண்டத்தையும் வகைவகையான பொருள்களையும் தவிர ஒன்றும் நினைவில்லை என்கிறார். மூன்று கோடிக்கு மேற்பட்ட மக்கள் வந்து பார்த்த பொருட்காட்சி அது. நானூற்று இருபது மீட்டர் நீளமுள்ள இயந்திர மண்டபம் ஒன்று அங்கே இருந்தது; நடுவில் ஒரு தூண்கூடக் கிடையாது. குடியேற்ற நாடுகளிலிருந்து மனிதர்களையே கொண்டுவந்து, குடிசை போட்டுக் குடியிருத்தி வேடிக்கை காட்டிய கொடுமையும் அங்கே நடந்தது. இவற்றில் ஒன்றும் அவர் ஏட்டில் இடம்பெறவில்லை. ஏழு ஷில்லிங் மட்டும் இடம்பெற்றுவிட்டது.

காசு போனது நினைவில் நிற்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அவர் கணக்கு எழுதுகிறவர். லண்டன் வாழ்க்கையின் தொடக்கத்தில் பாண்டு தெருவில் பத்துப் பவுனுக்கு மாலையுடுப்பு வாங்கியவர். நடனம் கற்கப் பணம் கட்டியவர். பிடில் ஒன்று விலைக்கு வாங்கியவர். மூன்று மாதத்தில் அந்த மயக்கம் தெளிந்தது. ஆனால் மயக்கத்தில் இருந்த காலத்திலும் பஸ் கட்டணம், தபால்தலை, பத்திரிகைக் காசு என்று சல்லிக்காசு விடாமல் எழுதி, படுக்கப் போகுமுன் மீதத்தைச் சரிபார்த்துவிடுவாராம். தமையனாரின் பணம் என்ற நினைப்பு அந்தக் கணக்குப் புத்தகத்தில் இருந்தது. எங்கள் ஊர்த் தகப்பனாருக்கு நான் முதலில் சொன்னதும் இதுதான்: பையனைப் பாரிஸ் போக வேண்டாம் என்று சொல்லாதீர்கள், போய்வந்து கணக்கு அனுப்பச் சொல்லுங்கள். உணவகத்தில் சாப்பிட்டதையும் சேர்த்து.

இனி கோபுரத்துக்கு வருவோம். காந்திஜிக்கு அதன்மீது மதிப்பு ஒன்றும் ஏற்படவில்லை. அதில் கலையே கிடையாது என்கிறார். பொருட்காட்சியின் விளையாட்டுப் பொம்மை அது. பொம்மையைக் கண்டு மயங்கும் குழந்தைகள் நாம் எல்லாரும் என்பதற்கு அது நல்ல அத்தாட்சி என்பது அவர் தீர்ப்பு. டால்ஸ்டாய் அதை மனிதனின் அறிவீனத்துக்கு எழுப்பிய சின்னம் என்று கண்டித்ததையும் எடுத்துக் காட்டுகிறார். பாரிஸ்காரர்களே அதை விட்டுவைக்கவில்லை. 1887 பிப்ரவரியில், அஸ்திவாரம் தோண்டிக்கொண்டிருந்தபோதே, மாப்பசான் உள்ளிட்ட எழுத்தாளர்களும் கலைஞர்களும் கையெழுத்திட்டுப் பத்திரிகையில் கண்டனம் வெளியிட்டார்கள். கோபுரத்தைப் பார்க்காமல் சாப்பிடக்கூடிய ஒரே இடம் கோபுரந்தான் என்று சொல்லி மாப்பசான் அங்கேயே போய்ச் சாப்பிடுவார் என்று ஒரு கதையும் உண்டு.

மகாத்மாவோடு மாறுபடுவதற்குக் கொஞ்சம் துணிச்சல் வேண்டும். இருந்தாலும் ஓசூர்ப் பக்கத்தில் பத்திருபது வருஷம் குப்பை கொட்டிய எவனும் அந்தக் கோபுரத்தைப் பொம்மை என்று சொல்லத் துணியமாட்டான் என்றே நினைக்கிறேன். எங்கள் வீட்டு ஜன்னல் வழியே இரவும் பகலும் வந்து விழுவது இரும்பின் சத்தம். கடைசல் இயந்திரத்தில் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு பிசகினால் மேற்பார்வையாளர் முகம் எப்படி மாறும் என்பது இங்கே குழந்தைகளுக்கும் தெரியும். அவர்களிடம் போய்ச் சொல்லிப் பாருங்கள்: ஏழாயிரத்து முந்நூறு டன் தேனிரும்பு, பதினெட்டாயிரத்துச் சொச்சம் தனித்தனிப் பாகங்கள், இருபத்தைந்து லட்சம் ரிவெட் ஆணிகள், கட்டி முடிக்க இரண்டு வருஷம், இரண்டு மாதம், ஐந்து நாள்! பாகங்களை வெட்டி, துளையிட்டுத் தயாரித்தது பாரிஸில் அல்ல. நகரத்தின் விளிம்பில் லெவல்லுவா-பெரே என்ற இடத்திலிருந்த ஈபெலின் பட்டறையில். ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கு வரைபடம் போட்டு, அதன்படி செய்து, வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து பூட்டினார்கள். சரியாகப் பொருந்தாத பாகம் பட்டறைக்கே திருப்பி அனுப்பப்பட்டது. பெங்களூரின் விளிம்பில் ஓசூர் எப்படியோ, அப்படி அந்நாளில் பாரிஸுக்கு லெவல்லுவா-பெரே.

ஒவ்வொரு ரிவெட்டுக்கும் நாலு பேர். ஒருவன் காய்ச்சுவான், ஒருவன் பிடித்துக்கொள்வான், ஒருவன் தலையை உருவாக்குவான், ஒருவன் சம்மட்டியால் அடிப்பான். முதல் தளத்தின் வெளிப்புறத்தைச் சுற்றி ஈபெல் எழுபத்திரண்டு பிரெஞ்சு விஞ்ஞானிகள், பொறியியலாளர்கள் பெயரைப் பொறித்து வைத்தார். அந்த நாலு பேரில் ஒருவன் பெயரும் அதில் இல்லை. இதைச் சொன்னபோது பிட்டர் தகப்பனார் சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நாலு பேர் வேண்டாம் சார், இப்போது ஒருத்தன் போதும்" என்றார். பிறகு, இருபத்தைந்து லட்சம் என்பது சரிதானா என்று இரண்டு தடவை கேட்டுத் தெரிந்துகொண்டார்.

இந்தக் கோபுரம் இன்று எதற்குப் பயன்படுகிறதோ தெரியாது என்று காந்திஜி எழுதினார். அந்தச் சந்தேகத்துக்குச் சரித்திரம் பதில் வைத்திருக்கிறது. கோபுரத்துக்குக் கொடுத்த அனுமதி இருபது வருஷத்துக்குத்தான். 1909-இல் பிரித்து எடுத்துவிட வேண்டியது. அதைக் காப்பாற்றியது கம்பியில்லாத் தந்தி. அவ்வளவு உயரமான கம்பம் வேறெங்கே கிடைக்கும்? முதல் உலக யுத்தத்தில் எதிரிகளின் செய்திகளை ஒட்டுக்கேட்கவும் அது உதவிற்று. இன்றும் அதன் உச்சியிலிருந்து வானொலியும் தொலைக்காட்சியும் ஒலிபரப்பாகின்றன. மாறாக, இயந்திர மண்டபத்தைத்தான் 1910-இல் இடித்துத் தள்ளிவிட்டார்கள்.

இதையெல்லாம் எழுதுவதால் காந்திஜி பாரிஸை ரசிக்கவில்லை என்று நேயர்கள் எண்ணிவிடக் கூடாது. அவர் மனத்தைக் கவர்ந்தது வேறு. பாரிஸின் பழைய தேவாலயங்கள். நாகரிக மோகமும் கேளிக்கையும் வீதிதோறும் கண்ணுக்குத் தெரிந்தன. ஆலயத்துக்குள் அடியெடுத்து வைத்ததும் மனிதனின் நடையே மாறிவிடுவதைக் கண்டார். கன்னி மேரியின் உருவத்துக்கு முன் முழந்தாளிட்டிருப்பவரைக் கடந்து போகிறவன் சத்தமின்றிப் போகிறான். இதெல்லாம் வெறும் மூடநம்பிக்கையாக இருக்க முடியாது, இவர்கள் சலவைக் கல்லைக் கும்பிடவில்லை என்று அந்த வைணவ வீட்டுப் பிள்ளைக்குத் தோன்றியது. 1163-இல் கட்டத் தொடங்கிய நோத்ர தாம் ஆலயத்தின் அமைப்பும் சிற்பங்களும் அவருக்கு மறக்கவே இல்லை.

இங்கேதான் எங்கள் பையனின் ஜாபிதா எனக்குக் கவலை தருகிறது. மூன்று நாளில் இருபத்து மூன்று இடம் பார்ப்பவன் எந்த ஆலயத்தில், யார் முழந்தாளிட்டிருந்ததைக் கவனிக்கப் போகிறான்? காந்தி ஒரே கோபுரத்தை இரண்டு மூன்று தடவை ஏறிப் பார்த்து, பிறகு அதை நிராகரித்தார். ஒரு முறை ஏறி, ஒரு புகைப்படம் பிடித்து இறங்கியிருந்தால் நிராகரிக்கவும் அவருக்கு உரிமை கிடைத்திராது. பையனுக்கு எழுதினேன்: இருபத்து மூன்றில் பதினெட்டை அடித்துவிடு. மிச்சமுள்ள ஐந்தை நடந்து போய்ப் பார். ஏதாவது ஒன்றை இரண்டாம் முறையும் போய்ப் பார்.

செலவைப் பற்றித் தகப்பனார் பயப்படும் அளவுக்கு ஒன்றும் இல்லை. நோத்ர தாம் ஆலயத்துக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. 2019 ஏப்ரல் 15-இல் தீப்பிடித்துக் கூரையும் ஊசிக்கோபுரமும் விழுந்துபோன அந்த ஆலயம், ஐந்தாண்டுகளுக்கு மேல் தச்சர்களும் கல்தச்சர்களும் உழைத்தபின் 2024 டிசம்பரில் மீண்டும் திறக்கப்பட்டது. பழைய காலத்து முறைப்படியே கோடரியால் ஓக் மரத்தைச் செதுக்கிக் கூரைச் சட்டங்கள் செய்தார்கள் என்பதைக் கையால் வேலை செய்பவர் வீட்டுப் பையன் அறிந்து பார்க்க வேண்டும். லூவ்ர் அருங்காட்சியகத்தில் ஜெர்மனியில் குடியிருந்து படிக்கும் மாணவனுக்கு, இருபத்தாறு வயது நிரம்பாதவனாக இருந்தால், கட்டணமே இல்லை. குடியிருப்பு அட்டையைக் காட்டினால் போதும். ஈபெல் கோபுரத்தில் மின்தூக்கியைத் தவிர்த்து 674 படிகள் ஏறினால் இரண்டாம் தளம் வரை குறைந்த செலவில் போகலாம். ரிவெட்டுகளை அருகில் பார்ப்பதற்கும் படிதான் சௌகரியம். கையில் சப்பாத்தி கட்டிக்கொண்டு போவது உத்தமம். மேலே உணவகங்கள் இன்றும் இருக்கின்றன.

ஆகன் நகரம் ஜெர்மனி, பெல்ஜியம், நெதர்லாந்து என்னும் மூன்று தேசங்கள் கூடும் மூலையில் இருக்கிறது. ஜூஜுவாடிப் பையனுக்கு எல்லை ஓரத்தில் வாழ்வது பழக்கமான விஷயமாகையால், அந்த வகையில் அவனுக்கு ஏக்கம் இருக்காது. ஜெர்மன் குடியிருப்பு அனுமதி உள்ளவன் பிரான்ஸுக்குப் போகத் தனி விசா எடுக்க வேண்டியதில்லை என்பதைத் தகப்பனாருக்கு நான் விளக்கியபோது, "பின்னே எதற்கு அத்தனை லட்சம் கட்டினோம், இதற்குந்தானே?" என்று அவரே ஒரு சமாதானம் கண்டுபிடித்துக்கொண்டார். அரை மனத்தோடு சம்மதமும் கொடுத்தார்.

காந்திஜி பாரிஸை மறுபடி பார்த்தது நாற்பத்திரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு. வட்ட மேஜை மகாநாடு முடிந்து திரும்பும் வழியில், 1931 டிசம்பர் 5-ஆம் தேதி, மாஜிக் சிட்டி என்ற நடன மண்டபத்தில் கூடியிருந்த பெருங்கூட்டத்தின் முன் பேசினார். இந்த முறை கையில் தேசப்படம் இல்லை, மாலையுடுப்பும் இல்லை. ஈபெல் கோபுரம் அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் நின்றுகொண்டிருந்தது. அதன்மீது அவர் ஏறியதாகத் தெரியவில்லை. அங்கிருந்து ஸ்விட்ஜர்லாந்து சென்று ரோமெய்ன் ரோலந்தோடு சில நாள் தங்கிவிட்டு, ரோம் நகரம் போனார். போப்பாண்டவரைச் சந்திக்க வாய்ப்புக் கிடைக்கவில்லை. ஆனால் வாத்திகன் அரண்மனையின் சித்திர மண்டபங்களைச் சுற்றிப் பார்த்தார். சிஸ்டைன் ஆலயத்தில் சிலுவையில் அறையப்பட்ட கிறிஸ்துவின் திருவுருவம் ஒன்றின் எதிரே வந்ததும், அறுபத்திரண்டு வயதான அந்தப் பிரயாணியின் கால்கள் மேலே நகரவில்லை. கூட வந்தவர்கள் காத்திருந்தார்கள். அவர் கண்களிலிருந்து நீர் வழிந்துகொண்டிருந்தது.